ரிஜெக்‌ஷன் ஷீட்

வணக்கம் சார்.

எனக்கு வயது 27. மெக்கானிக்கல் முடித்துவிட்டு கோவையில் இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு பவுண்டரியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். நாலு வருடம் ஐந்து மாதம் ஆகிறது. பம்ப்புக்குப் போகும் காஸ்டிங்குகளைப் பார்த்து நல்லது, ரிஜெக்ட் என்று பிரித்து ஷீட்டில் எழுதுவதுதான் வேலை. என்னோடு படித்தவர்கள் ஐ.டி.யில் இரண்டு மடங்கு வாங்குகிறார்கள். பணம்கூடப் பெரிதில்லை, காலையில் எழுந்தால் போகவே பிடிக்கவில்லை. பிடித்த வேலையைச் செய் என்கிறார்கள். எனக்கு எது பிடிக்கும் என்றே தெரியவில்லை சார். அடுத்த மாதம் பேப்பர் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். நீங்கள் மில்லில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு வாசகர், கோவை


அன்புள்ள நண்பருக்கு,

முதலில் கணக்கைப் பேசிவிடுவோம். பேப்பரை ஏழு மாதம் தள்ளிப்போடுங்கள். ஐந்து வருடம் முடிந்தால் உங்களுக்கு கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை உண்டு. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கான தொகை வரும். 26,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 15,000. ஐந்து வருடத்துக்கு 75,000. நான் 31 வயதில் ஒரு மேனேஜரோடு சண்டை போட்டுக்கொண்டு நாலரை வருடத்தில் வெளியே வந்தவன். மனைவியின் செயின் எட்டு மாதம் அடகில் கிடந்தது. என் கோபம் நியாயமானதுதான், ஆனால் அடகுக்கடைக்காரர் அதைக் கேட்டு வட்டியைக் குறைக்கவில்லை.

சரி, அப்புறம் அந்தப் 'பிடித்த வேலை'. இந்த அறிவுரையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஏதோ ஒரு வேலை நமக்கென்று எங்கோ உட்கார்ந்திருக்கிற மாதிரியும், நாம் போய்க் கண்டுபிடிக்க வேண்டியதுதான் பாக்கி என்பது மாதிரியும் சொல்கிறார்கள்.

மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி, கண் டாக்டராக ஆசைப்பட்டவரே அல்ல. பிரசவம் பார்க்கும் மருத்துவராக வேண்டும் என்றுதான் இருந்தார். முப்பது வயது வாக்கில் முடக்குவாதம் வந்து விரல்களை வளைத்துப் போட்டது. நெடுநாள் படுக்கை. பிரசவ மருத்துவம் இனி முடியாது என்றான பிறகுதான் கண் பக்கம் வந்தார். கோணிய விரல்களுக்குள் கத்தியைப் பிடிக்கப் பழகினார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தார். அரசுப் பணியில் ஓய்வு பெற்று, 1976ல், 58 வயதில், 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அந்த மருத்துவமனை.

இதைச் சொன்னால் 'அவர் மகான் சார்' என்று தள்ளிவிடுவார்கள். நான் யோசிப்பது கத்தி கையில் நிற்காமல் வழுக்கியிருக்கக்கூடிய அந்த ஆரம்ப மாதங்களை. அப்போது கண் மருத்துவம் அவருக்குப் பிடித்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கை பழகப் பழகத்தான் பிடிப்பும் வந்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, 'பிரித்து ஷீட்டில் எழுதுவதுதான் வேலை' என்பது. வார்ப்புக்குள் காற்றுக் குழி இருந்தால் 'ப்ளோ ஹோல்' என்று எழுதிவிட்டு அடுத்த காஸ்டிங்குக்குப் போய்விடுகிறீர்கள். அது ஏன் வந்தது? அச்சு செய்யும் மணலில் ஈரம் கூடினால் உருகிய இரும்பு பட்டதும் ஆவி கிளம்பும், வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சிக்கும். ஆவி வெளியேறும் துளையான வென்ட்டைச் சரியாகக் குத்தாவிட்டாலும் அதே கதைதான். உங்களிடம் நாலு வருடத்து ஷீட் இருக்கிறது. மணல் சோதனை நோட்டு யாரிடமோ இருக்கும். இரண்டையும் தேதி வாரியாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த ஷிஃப்டில் கூடுகிறது, எந்த பேட்டர்னில் (அச்சு எடுக்கும் மாதிரி வடிவம்), மழை நாளிலா? ஒரு பிடி மணலை அள்ளி இறுக்கி, உடைத்துப் பார்த்தே ஈரத்தைச் சொல்லும் மூத்த மோல்டர், மணல் அச்சு செய்கிறவர், ஒருவர் அங்கேயே இருக்கக்கூடும். டீ நேரத்தில் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

மில்லில் நான் கழிவுப் பஞ்சுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். உங்களைப் போலத்தான், எண்ணை எழுதிவிட்டுப் போய்விடுவேன். ஒருநாள் 'ஏன் இந்த வாரம் கூடியிருக்கு?' என்று, பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமின் மேஸ்திரியைக் கேட்டேன். அவர் இரண்டு பேல் பஞ்சைப் பிரித்துப்போட்டு, இழையை விரலால் இழுத்துக் காட்டினார். கணக்கு எழுதுகிறவனுக்கு அது தேவையில்லாத விஷயம். ஆனால் மறுநாள் காலையில் நானாகவே சீக்கிரம் கிளம்பினேன்.

நீங்கள் கண்டுபிடித்ததை ஒரு பக்கத்தில் எழுதி மேலதிகாரியிடம் கொடுங்கள். அவர் மேசை டிராயரில் போட்டு மூடினால் அந்த இடம் உங்களுக்குச் சரியில்லை, வேறு பவுண்டரி பாருங்கள். அந்தப் பக்கத்தை இன்டர்வியூவுக்குக் கையோடு கொண்டுபோகலாம். சம்பளம் பேசவும் உதவும். இத்தனைக்கும் பிறகு இரும்பே வேண்டாம் என்று தோன்றினால் ஐ.டி.க்குப் போங்கள், தப்பில்லை. பி.எஃப் பணத்தை மட்டும் எடுத்துவிடாமல் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. காலையில் எழுந்தால் போகப் பிடிக்கவில்லை என்கிறீர்கள். ஷிஃப்ட் வாராவாரம் மாறுகிறதா? அப்படியானால் இந்த அலுப்பில் பாதி, தூக்கம் போதாததால்கூட இருக்கலாம். அதை இந்த வாரமே கவனியுங்கள்.