ஐ.பி. 68 போனைக் கடலுக்கு எடுத்துச் செல்லலாமா?

படகில் போகும்போது போனையும் வாக்கி டாக்கியையும் எப்படிக் காப்பது, ஐ.பி. 68 என்றிருந்தால் போதாதா என்று கேட்கிறீர்கள். போதாது. ஐ.பி. என்பது தூசியும் நீரும் புகாமல் எவ்வளவு காக்கும் என்று காட்டும் தர எண். அதில் 6 என்றால் தூசி புகாது. 8 என்றால் தயாரிப்பாளர் குறிப்பிடும் ஆழத்தையும் நேரத்தையும் தாங்கும். ஆனால் அந்தச் சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். உப்புநீர் சார்ஜ் துளையின் உலோக முனைகளை அரித்துவிடும். நனைந்துவிட்டால் நல்ல தண்ணீரில் அலசி, துளை கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து உலர்த்துங்கள். ஈரத்தோடு சார்ஜ் போடவே கூடாது. அரிசிக்குள் புதைப்பது வீண் வேலை, மாவுத்தூசிதான் உள்ளே போய்ச் சேரும்.

நீர்புகா உறை வாங்கினால், முதலில் போனுக்குப் பதிலாக ஒரு டிஷ்யூ காகிதத்தை வைத்து மூடி, வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கிப் பாருங்கள். ஓரம் சற்றே ஈரமானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கண்ணாடிக்கு எமன் மணல். எண் கூடக் கூடக் கடினம் கூடும் மோஸ் கடினத்தன்மை அளவில், மணலிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் 7. போன் கண்ணாடி ஏறத்தாழ 6. மணல் ஒட்டிய திரையைச் சட்டையால் துடைத்தால் கீறல் நிச்சயம். முதலில் ஊதிவிடுங்கள். கவரையும் அவ்வப்போது கழற்றி உதறுங்கள், உள்ளே சிக்கிய மணல் உப்புத்தாளாகத் தேய்க்கும்.

வாக்கி டாக்கியில் இயர்போன் துளையின் ரப்பர் மூடி திறந்திருந்தால் நீர்காப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.