தகவல் அழியாதாமே?

கேள்வி: பிரபஞ்சமே தகவலால் ஆனது, அந்தத் தகவல் ஒருபோதும் அழியாது என்று இயற்பியல் அறிஞர்கள் இப்போது சொல்கிறார்களே. ஆன்மா அழியாது என்று நம் முன்னோர் சொன்னதும் இதைத்தானே?
— ஒரு வாசகர், மேலூர்

பதில்: இல்லை. முன்னோர் சொன்னதை அவர்கள் சொன்ன பொருளில் படிப்போம். வெளிநாட்டில் ஒரு கட்டுரை வரும்போதெல்லாம் அதைக் கொண்டுபோய் அவர்கள் வாயில் திணிக்க வேண்டாம். இதைப் பலமுறை எழுதிவிட்டேன், இனியும் எழுதுவேன்.

உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்தியது 'அழியாது' என்கிற சொல்தான். குவாண்டம் இயற்பியலில் அதற்கு உயிர், நினைவு என்ற பொருளெல்லாம் கிடையாது. ஒன்றின் இன்றைய நிலை முழுசாகத் தெரிந்தால் நேற்றைய நிலையைக் கணக்குப் போட்டு எடுத்துவிடலாம், அவ்வளவுதான். ஒரு கடுதாசியை எரிக்கிறீர்கள். சாம்பல், புகை, சூடு, வெளிச்சம் எல்லாவற்றையும் ஒரு துகள் விடாமல் பிடித்தால் அதில் எழுதியிருந்ததை மீட்டுவிடலாம். கொள்கையளவில்.

இதற்கே பெரிய சண்டை நடந்தது. ஒளிகூடத் தப்ப முடியாத ஈர்ப்புள்ள கருந்துளைகள் கதிர் வீசி மெல்லக் கரையும் என்று 1974-இல் காட்டிய இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங், உள்ளே விழுந்ததைப் பற்றிய துப்பு எதுவும் அந்தக் கதிரில் இருக்காது, துளை கரைந்தால் தகவலும் போய்விடும் என்று 1976-இல் எழுதினார். 1997-இல் அவரும் இயற்பியலாளர் கிப் தோர்னும் ஒரு பக்கம், தகவல் அழியாது என்ற இயற்பியலாளர் ஜான் பிரெஸ்கில் மறுபக்கம் நின்று பந்தயம் கட்டினார்கள். தோற்றவர் ஜெயித்தவருக்கு அவர் விரும்பும் கலைக்களஞ்சியம் வாங்கித் தர வேண்டும். 2004-இல் டப்ளின் மாநாட்டில் ஹாக்கிங் தோல்வியை ஒப்புக்கொண்டு, பிரெஸ்கில் கேட்ட பேஸ்பால் கலைக்களஞ்சியத்தைக் கொடுத்தார். தோர்ன் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. இருபத்தெட்டு வருஷம் பிடித்த பிடியை மேடையிலேயே விட்டாரே, அவரை நான் கும்பிடுகிறேன். மதுரைப் பட்டிமன்ற மேடையிலும் 'எதிரணி சொல்வதுதான் சரி' என்று ஒருவர் எழுந்து சொல்லிக் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தகவல் வெளியே வந்தால் கதிரின் குழப்பம் (இயற்பியலில் என்ட்ரோபி என்பார்கள்) முதலில் ஏறி, பாதி வழியில் இறங்கத் தொடங்க வேண்டும் என்று டான் பேஜ் என்ற இயற்பியலாளர் 1993-இல் சொல்லியிருந்தார். 2019-இல் வந்த கணக்குகளில் அப்படியே இறங்கியது. ஆனால் அவை எளிமையாக்கப்பட்ட மாதிரிகளில் போட்ட கணக்குகள். நாம் இருக்கும், விரிந்துகொண்டே போகும் பிரபஞ்சத்துக்கு இன்னும் முடிவான கணக்கு இல்லை. எல்லாமே தகவலில் இருந்து பிறந்தது என்பதும் 1989-இல் இயற்பியலாளர் ஜான் வீலர் முன்வைத்த யோசனை. அழகான யோசனை. சோதித்து நிறுவிய உண்மையல்ல.

சரி, அழியாது என்றே வைத்துக்கொள்வோம். சூரியன் அளவு எடையுள்ள கருந்துளை கரைந்து முடிய, ஒன்றுக்குப் பின்னால் 67 பூஜ்யம் போட்ட ஆண்டுகள் ஆகும். யார் உட்கார்ந்து படிப்பது?

உங்கள் மேலூருக்குப் பக்கத்திலேயே மாங்குளம், மீனாட்சிபுரம் மலைக்குகையில் தமிழ்பிராமி என்ற பழைய எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. கீழே கற்படுக்கைகள், மேலே பாறை நெற்றியில் எழுத்து. ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சீவெல் அவற்றை 1882-இலேயே கண்டுவிட்டார். ஆனால் அது தமிழ் என்று கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துச் சொல்ல 1924 ஆயிற்று. அதில் சங்ககாலப் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் இருப்பதை ஐராவதம் மகாதேவன் 1965-இல் அடையாளம் கண்டார். நெடுஞ்செழியனின் அலுவலர் கடலன் வழுதி, கணி நந்தன் என்ற துறவிக்குப் பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம், அமைத்துக் கொடுத்த செய்தி அது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் காத்திருந்து நம் கைக்கு வந்திருக்கிறது, பாறை அப்படியே நின்றதால்.

வெடி வைத்து ஜல்லியாக்கிவிட்டால்? இயற்பியல் கணக்கில் அப்போதும் தகவல் அழிந்திருக்காது. நமக்கு அழிந்துவிடும். உங்கள் வட்டாரத்தில் எத்தனை மலைகளை கிரானைட் குவாரிகள் தின்றன என்று உங்களுக்குத் தெரியும். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியை 2022-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த பிறகும் அதையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் மக்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது.

உங்களுக்குப் பக்கம்தானே, ஒரு நாள் மலையேறி அந்த எழுத்துகளைப் பாருங்கள். எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுதி அனுப்புங்கள், போடுகிறேன்.