அமெரிக்காவில் ஒரு போலீஸ்காரர் சொந்தக் காரணத்துக்காக என் லைசென்ஸ் பதிவைத் தேடிப் பார்த்தாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை மாறும். இந்த வகை வழக்குகள் வரிசையாக வந்த மினசோட்டாவை வைத்துச் சொல்கிறேன்.

முதல் மனு லைசென்ஸ் வழங்கும் துறைக்குப் போகட்டும், காவல் நிலையத்துக்கு அல்ல. அங்கே கேட்டால் தேடிய ஆளின் காதுக்கே போய்விடும். உங்கள் பதிவை எந்தத் துறை, எந்தத் தேதியில், எத்தனை மணிக்குத் திறந்தது என்ற தணிக்கைப் பட்டியலைக் கேளுங்கள். போலீஸ் வேலையிலிருந்து விலகிய ஒரு பெண் இப்படிக் கேட்டபோது, 18 துறைகளைச் சேர்ந்த 104 பேர் 425 முறை பார்த்திருந்தது வெளியே வந்தது. அவர் வழக்குப் போட்டபோது கிடைத்த சமரசத் தொகை மொத்தமாக 10 லட்சம் டாலரைத் தாண்டியது.

பட்டியல் கைக்கு வந்ததும், பெயரை வைத்துத் தேடினார்களா, வண்டி எண்ணை வைத்தா என்று பாருங்கள். ரோந்தில் இருப்பவர் முன்னால் போகும் வண்டியின் எண்ணைத் தட்டிப் பார்ப்பது அன்றாட வேலை. பெயரைத் தட்ட ஒரு காரணம் வேண்டும். நள்ளிரவுத் தேடல், குறுகிய நேரத்துக்குள் பல அதிகாரிகள் ஒரே ஆளைப் பார்ப்பது ஆகியவற்றையும் 2015இல் எட்டாவது சர்க்யூட் நீதிமன்றம் (மினசோட்டா அடங்கிய பகுதிக்கான மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம்) சந்தேகத்துக்கு இடமானவையாக எடுத்துக்கொண்டது.

வழக்குப் போட்ட பலரைக் கவிழ்த்ததும் அதே தீர்ப்புதான். வழக்குப் போடுவதற்கான 4 ஆண்டுக் கெடு அதிகாரி பதிவைப் பார்த்த நாளிலிருந்து ஓடுகிறது, உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து அல்ல. ரகசியமாக நடப்பதற்கு இப்படி ஒரு கெடு வைத்தது அநியாயம்தான், ஆனாலும் சட்டம் அதுதான். அதனால் சந்தேகம் வந்த வாரமே மனுப் போடுங்கள். வழக்கு நின்றால், 1994ஆம் ஆண்டு ஓட்டுநர் தனியுரிமைச் சட்டப்படி நீதிமன்றம் குறைந்தது 2,500 டாலர் இழப்பீடு வழங்கலாம்.

மத்திய கணினி மோசடிச் சட்டத்தை நம்ப வேண்டாம். ஜார்ஜியாவில் ஏறத்தாழ 5,000 டாலர் வாங்கிக்கொண்டு ஒரு வண்டி எண்ணைத் தேடிக் கொடுத்த சார்ஜென்ட் எஃப்பிஐ வைத்த பொறியில் சிக்கினார். அப்படியும் 2021இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தரவுத்தளத்தைத் திறக்க அனுமதி உள்ளவர் தவறான நோக்கத்தில் திறந்தாலும் அந்தச் சட்டம் அவரைத் தொடாது.

"லேப்டாப் காரில் திறந்தபடி கிடந்தது, வேறு யாரோ தட்டியிருப்பார்கள்" என்று பதில் வரும். யாருடைய பாஸ்வேர்டு என்பதுதான் பதிவாகும், யாருடைய விரல் என்பது ஆகாது. எனவே அந்த நாளின் பணிப் பட்டியல், ரோந்து வண்டியின் ஜிபிஎஸ் பதிவு, அந்த நேரத்தில் வந்த அழைப்புகள் எல்லாவற்றையும் அழிக்காமல் வைக்கச் சொல்லி வக்கீல் மூலம் கடிதம் அனுப்பிவிட்டு, அதன் பிறகு துறைக்குள் புகார் கொடுங்கள்.

நம்பர் பிளேட் படிக்கும் கேமராக்களின் தேடல் பதிவு தனி. அது லைசென்ஸ் பட்டியலில் வராது, அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.