பழைய யூ போல்ட்டை மாட்டிவிட்டுப் புதிதுக்குப் பணம் வாங்கினால்: பட்டறையின் பொறுப்பு என்ன?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் ஒரே ஒரு லாரி வைத்து, அதை நானே ஓட்டிப் பிழைக்கிறேன். பின்பக்க இடது ஸ்பிரிங்கில் மெயின் பட்டை உடைந்ததால் ஒரு பட்டறையில் வேலைக்கு விட்டேன். யூ போல்ட், சென்டர் போல்ட், புஷ் எல்லாம் புதிதாகவே போடச் சொன்னேன். துண்டுச் சீட்டில் அவற்றை ஒவ்வொன்றாக எழுதி 21,500 ரூபாய் வாங்கினார்கள். மூன்று வாரம் கழித்து லோடுடன் போகும்போது சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்து, வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் ஒரு வீட்டின் சுற்றுச்சுவரில் மோதியது. யாருக்கும் காயமில்லை. கழற்றிப் பார்த்தால் யூ போல்ட் இரண்டும் பழையவை. மேலே கறுப்புப் பெயின்ட் மட்டும் அடித்திருக்கிறார்கள். கேட்டதற்கு, “பழைய போல்ட் நன்றாகத்தான் இருந்தது, நீங்கள் ஓவர்லோடு ஏற்றினீர்கள், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் திருப்பி இறுக்கவும் வரவில்லை” என்கிறார் பட்டறைக்காரர். வழக்குப் போட முடியுமா?

பதில்: போடலாம். ஆனால் “பழைய போல்ட்டை மாட்டியது தவறு” என்பதை மட்டும் நம்பி இந்த வழக்கை நடத்த வேண்டாம். கழற்றிய உதிரிபாகத்தைத் திரும்ப மாட்டுவதை ஒட்டுமொத்தமாகத் தடைசெய்யும் சட்டப் பிரிவு எதுவும் இல்லை. வண்டிக்காரரே “நன்றாக இருந்தால் அதையே போடு” என்று சொல்லி, பட்டறையும் பார்த்துப் போட்டிருந்தால், பொறுப்பில் ஒரு பங்கு வண்டிக்காரருக்கும் வந்துவிடும். உங்கள் நிலை வேறு: புதிதாகப் போடச் சொன்னீர்கள், புதிதுக்கான விலையும் கொடுத்தீர்கள், கிடைத்ததோ பழையது. வழக்கின் முதுகெலும்பு இதுதான் என்பதால் அந்தத் துண்டுச் சீட்டை இன்றே நகலெடுத்து வையுங்கள்.

போல்ட் பழையதா புதியதா என்பது வெறும் பணக் கணக்கு அல்ல என்பதை, வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்துக்குப் புரியவைப்பது உங்கள் வேலை. அடுக்கிய ஸ்பிரிங் பட்டைகளை ஆக்சிலோடு அழுத்திப் பிடித்திருப்பவை யூ போல்ட்டுகள். சென்டர் போல்ட் பட்டைகளை ஒன்றாகச் சேர்த்து, அதன் தலை ஆக்சில் இருக்கையின் துளையில் உட்கார்ந்து இடத்தைக் காட்டுவதற்கு மட்டுமே இருக்கிறது. லோடு இழுக்கும் விசையைத் தாங்குவது அதன் வேலையன்று. யூ போல்ட்டின் பிடி தளர்ந்தால் அந்த விசை முழுவதும் சென்டர் போல்ட்டின் மேல் விழுந்து அதை அறுத்துவிடும். முழு விசையில் ஒருமுறை இறுக்கிக் கழற்றிய யூ போல்ட்டின் மரை சற்று நீண்டும் தேய்ந்தும் போயிருக்கும். அதே அளவு இறுக்கினாலும் அதே பிடி கிடைக்காது. அதனால்தான் கழற்றிய யூ போல்ட்டையும் நட்டையும் புதிதாக மாற்றும்படி வாகனத் தயாரிப்பாளர்களின் பராமரிப்புக் கையேடுகள் பொதுவாகச் சொல்கின்றன. உங்கள் வண்டிக்குரிய கையேட்டில் அந்தப் பக்கம் இருந்தால் நகலெடுத்து மனுவுடன் இணையுங்கள். பத்து வாய்வார்த்தைச் சாட்சிகளைவிட அது பயன்படும்.

இனி, சட்டத்தில் இது எங்கே பொருந்துகிறது என்று பார்ப்போம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(11), கவனக்குறைவால் நுகர்வோருக்கு இழப்பு உண்டாக்குவதையும், தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்கிறது. பழைய போல்ட்டுக்குப் பெயின்ட் அடித்துப் புதிதுபோல் காட்டியது நிரூபணமானால், அது சேவைக் குறைபாட்டோடு நேர்மையற்ற வணிக நடைமுறையும் ஆகும். முறையான பில் கொடுக்காததையும் பிரிவு 2(47) அந்த வகையிலேயே சேர்க்கிறது; துண்டுச் சீட்டுத்தானே என்று பட்டறைக்காரர் தட்டிக்கழிக்க முயன்றால் அது அவருக்கே பாதகமாகத்தான் முடியும்.

எதிர்த்தரப்பு முதலில் எழுப்பப்போகும் ஆட்சேபணை, லாரி வணிகத்துக்கானது, ஆகவே நீங்கள் நுகர்வோரே அல்ல என்பதாக இருக்கும். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. தொழிற்கூட நிறுவனத்துக்கு எதிராக லக்ஷ்மி இன்ஜினீயரிங் ஒர்க்ஸ் நடத்திய வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: லாரியை வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர், வாங்கி முழுக்க முழுக்க வேறொருவரை ஓட்ட வைப்பவர் நுகர்வோர் அல்லர். கிளீனர் ஒருவர் துணைக்கு இருப்பதால் உங்கள் நிலை மாறாது. ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சுயதொழில் பிழைப்புக்கான விலக்கு, வாங்கிய பொருள்களோடு பெற்ற சேவைகளையும் குறிப்பிட்டிருந்தது; 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளக்கத்தில் பொருள்கள் மட்டுமே உள்ளன. ஆகவே மனுவை “சரியாக ரிப்பேர் செய்யவில்லை” என்று தொடங்காமல், புதிய யூ போல்ட்டுகளுக்கு விலை வாங்கிக்கொண்டு அந்தப் பொருளைத் தரவில்லை என்று தொடங்கி, அதன் தொடர்ச்சியாகச் சேவைக் குறைபாட்டைச் சொல்லுமாறு வடிவமைக்க வேண்டும். உங்கள் ஓட்டுநர் உரிமம், ஆர்.சி. புத்தகம், வேறு வண்டி இல்லை என்ற உறுதிமொழி ஆகியவை இதற்குத் துணை நிற்கும்.

அதையும் மீறி ஆணையம் உங்களை நுகர்வோராக ஏற்காவிட்டால் வழி அடைபட்டுவிடாது. வண்டியைப் பட்டறையில் விட்டது இந்திய ஒப்பந்தச் சட்டப்படி ஓர் ஒப்படைப்பு, அதாவது ஒரு வேலைக்காகப் பொருளை இன்னொருவர் வசம் விடுவது. பிரிவு 151 கேட்கும் கவனத்தை அவர் காட்டியிருக்க வேண்டும், ஒப்பந்தத்தை மீறியதற்குப் பிரிவு 73-இன்படி நட்டஈடு கோரி உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆணையத்துக்குப் போகக் காலவரம்பு இரண்டு ஆண்டு, உரிமையியல் வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு. ஆணையத்தில் நல்லெண்ணத்துடன் செலவிட்ட காலத்தைக் காலவரம்புச் சட்டம் பிரிவு 14-இன்கீழ்க் கழித்துக் கேட்கலாம் என்பதையும் மேற்சொன்ன தீர்ப்பே சுட்டிக்காட்டியிருக்கிறது.

சிலர் உங்களிடம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் “தயாரிப்புப் பொறுப்பு” (குறைபாடுள்ள பொருளால் வரும் தீங்குக்கான பொறுப்பு) அத்தியாயத்தில் போடுங்கள் என்று சொல்லக்கூடும். பிரிவு 85 பழுதுபார்ப்பவரையும் தொடுகிறது என்பது உண்மை. ஆயினும் அந்த அத்தியாயத்தில் “தீங்கு” என்பது, பொருளுக்கே நேர்ந்த சேதத்தையும் வணிக இழப்பையும் விலக்கிவிட்டுத்தான் கணக்கிடப்படுகிறது. யாருக்காவது காயம்பட்டிருந்தால் அது பெரிய ஆயுதமாக இருந்திருக்கும்; உங்களுக்கு அதனால் பெரிதாகப் பயனில்லை.

பட்டறைக்காரரின் பதில்களுக்கு வருகிறேன். ஓவர்லோடு என்பதற்கு விடை எடை மேடைச் சீட்டுதான். அன்றைய லோடின் சீட்டும் சரக்கு ரசீதும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடைக்குள் இருந்தால் அந்த வாதம் விழுந்துவிடும். இல்லாவிட்டால் உங்கள் கோரிக்கை வெகுவாகச் சுருங்கும் என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. திருப்பி இறுக்குவது குறித்த வாதத்தில் ஓரளவு சாரம் உண்டு. பட்டை வேலைக்குப் பின் சிறிது தூரம் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்குவது எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம். அதை அவர் உங்களிடம் சொன்னாரா, சீட்டில் எழுதினாரா என்பதுதான் கேள்வி. சொல்லவே இல்லையென்றால் தவறு அவருடையது. சொல்லியும் நீங்கள் போகவில்லையென்றால் இழப்பீட்டில் ஒரு பகுதியை ஆணையம் குறைக்கக்கூடும். அனுபவமுள்ள ஓட்டுநருக்கு இது தெரியாதா என்ற குறுக்கு விசாரணைக்கும் தயாராக இருங்கள்.

இந்த வழக்கில் உயிருள்ள சாட்சி அந்த போல்ட்டுகளே. அவற்றைப் பெட்ரோலில் கழுவவோ துருவைத் தேய்க்கவோ கூடாது. அறுந்த முகத்தைக் கையால் தொடவும் வேண்டாம். படிப்படியாகத் தளர்ந்து களைப்பால் அறுந்ததா, ஒரே அடியில் முறிந்ததா என்பதை உலோக ஆய்வாளர் அந்த முகத்தைப் பார்த்தே சொல்வார். ஓவர்லோடு வாதத்துக்கும் அதில் பதில் இருக்கக்கூடும். இரண்டு சாட்சிகளின் கையெழுத்துடன் உறையிட்டு வைத்து, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 38-இன்கீழ் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆணையத்திடமே கேளுங்கள். “கொண்டு வாருங்கள், பார்த்து மாற்றித் தருகிறேன்” என்று பட்டறையிலிருந்து அழைப்பு வந்தால் போல்ட்டுகளை எடுத்துப் போகாதீர்கள்.

மாவட்ட ஆணையத்தில், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். போல்ட் விலை, மறுபழுதுச் செலவு, வண்டி நின்ற நாள்களின் வருமானம், மன உளைச்சல் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். வருமானத்துக்கு முந்தைய மாதங்களின் வாடகை ரசீதுகளும் வங்கிக் கணக்கும் வேண்டும். அவை இல்லாமல் கேட்கும் பெருந்தொகை நிற்காது.

சுவர்க்காரருக்கு நீங்கள்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். இயந்திரக் கோளாறு என்று சொல்லித் தப்ப வேண்டுமானால், அது வெளியே தெரியாத கோளாறு, உரிய கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாதது என்று வண்டியின் உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது 1977-இல் மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நிலை. சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்கக்கூடிய கோளாறோடு வண்டியை ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 190-இன்படி குற்றமும் ஆகும். விபத்துக்கு முன்பே பின்னால் சத்தம் கேட்டதா என்பதை உங்கள் வழக்கறிஞரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, சுவர்ச் சேதத்தை மூன்றாம் தரப்புப் பகுதி ஏற்கும். வண்டிக்கான பாலிசியில் தேய்மானம், இயந்திர முறிவு, ஓவர்லோடால் வந்த சேதம் ஆகியவை பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். ஆகவே போல்ட்டின் விலை கிடைக்காது, மோதலில் நசுங்கியதற்குக் கேட்கலாம். காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்தால் அந்த அளவுக்குப் பட்டறையிடமிருந்து வசூலிக்கும் உரிமை அதற்குச் சென்றுவிடும். பட்டறைக்காரர் சமரசத்துக்கு வந்து, “முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், வேறு கோரிக்கை இல்லை” என்று எழுதிய தாளை நீட்டினால், காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அதில் கையெழுத்திட வேண்டாம்.