எத்தனை முறை சொன்னாலும் பழக்கம் மாறவில்லை. ஆலோசனையால் சர்க்கரை நோயைத் தடுக்க முடியுமா?

உங்கள் அண்ணனுக்கு 41 வயது, ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை) 6.1, அதாவது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, உணவுப் பட்டியல் கொடுத்து ஆறு மாதமாகியும் எதுவும் மாறவில்லை, ஆகவே இந்தக் கவுன்சலிங் எல்லாம் கண்துடைப்புதானா என்று கேட்டிருக்கிறீர்கள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிளினிக்கில் பதினோரு ஆண்டுகளாக உணவு ஆலோசகராக இருக்கிறேன். அதில் முதல் நான்கு ஆண்டுகள் நான் செய்தது கண்துடைப்புதான்.

ஓர் அச்சடித்த தாள் வைத்திருந்தேன். காலை ஓட்ஸ், மாலை கிரீன் டீ என்று எங்கிருந்தோ நகலெடுத்த பட்டியல். வருகிறவர் கையில் அதைக் கொடுத்து, பத்து நிமிடம் பேசி, "கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டும்" என்று அனுப்பிவிடுவேன். ஒரு பெரியவர் அடுத்த முறை வந்தபோது அதே தாளில் முறுக்கு மடித்துக் கொண்டுவந்தார். எனக்காகத்தான் கொண்டுவந்திருந்தார், பாவம். அப்போது சுவரில் அழுகிய காலின் படம் ஒன்றும் மாட்டியிருந்தோம். அதைப் பார்த்துத் திருந்தியவர் யாரும் என் நினைவில் இல்லை. மறுமுறை வராமல் நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள்.

தகவல் தெரிந்தால் பழக்கம் மாறிவிடும் என்று நம்பியதுதான் என் தவறு. பழக்கத்தை மாற்றுவது நீச்சல் கற்பது மாதிரி. கரையில் நின்று பேசிக் கற்றுத்தர முடியாது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் இதைக் கோட்பாடாகவே எழுதினார். "என்னால் இதைச் செய்ய முடியும்" என்ற நம்பிக்கைதான் ஒருவர் முயல்வாரா, தடை வந்தாலும் தொடர்வாரா என்பதை நிர்ணயிக்கிறது என்றார். பாம்பென்றால் நடுங்குகிறவர்களை வைத்து ஆய்வு செய்தார். பிறர் பாம்பைப் பிடிப்பதைப் பார்த்தவர்களைவிட, துணைக்கு ஆள் நிற்கப் படிப்படியாகத் தாமே தொட்டவர்களுக்குத்தான் துணிச்சல் அதிகம் வந்தது. அந்த நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்பது அவர் கணக்கு: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் வார்த்தை, உடலும் மனமும் அப்போது இருக்கும் நிலை. இவற்றில் வலுவானது முதலாவது. நாங்கள் ஆலோசனை அறையில் நாளெல்லாம் செலவிடுவதோ மூன்றாவதில்.

இது எனக்குப் புரிந்தது ஒரு டீக்கடை அண்ணாச்சியால். 48 வயது, ஹெச்பிஏ1சி 6.3. ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று கேட்டால் "இரண்டு, மூன்று இருக்கும்மா" என்பார். நான் கணக்குக் கேட்பதை விட்டுவிட்டு, "கடை திறந்ததிலிருந்து சொல்லுங்கள் அண்ணாச்சி, என்ன நடக்கும்?" என்றேன். நாலரை மணிக்குப் பால் கொதித்ததும் சாமி படத்துக்கு ஒன்று, தனக்கு ஒன்று. டிகாக்‌ஷன் மாற்றும்போதெல்லாம் ருசி பார்க்க ஒன்று. பால்காரர் வந்தால் அவரோடு ஒன்று. சொல்லிக்கொண்டே போனவர் ஒன்பதில் நின்று, என்னைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. கரண்டிக்கு 4 கிராம் என்றாலே 72 கிராம்.

பழைய ஆளாக இருந்திருந்தால் "டீயை நிறுத்துங்கள்" என்றிருப்பேன். டீக்கடைக்காரரிடம்! அன்று கேட்டது வேறு. "இந்த ஒன்பதில் எதை விட்டால் உங்களுக்குக் குறையாகத் தெரியாது?" வெகு நேரம் யோசித்தார். ருசி பார்க்கும் டீயில் சீனி எதற்கு, டிகாக்‌ஷனின் கடுப்பைத்தானே பார்க்கிறேன் என்று அவரே சொன்னார். அது என் வாயிலிருந்து வந்திருந்தால் மறுக்க நான்கு காரணம் வைத்திருப்பார். "முடியும் என்று 10க்கு எத்தனை நம்பிக்கை?" என்றேன். "நான்கு." "ஏன் இரண்டு என்று சொல்லவில்லை?" என்றதும், சபரிமலைக்கு மாலை போட்ட நாட்களில் பீடியையே விட்டவன் நான் என்று ஆரம்பித்தார். அதே கேள்வியை "ஏன் எட்டு இல்லை?" என்று கேட்டிருந்தால் முடியாததற்கான காரணங்கள்தான் வந்திருக்கும். இந்த முறை வில்லியம் மில்லர், ஸ்டீபன் ரோல்னிக் என்ற இருவர் வளர்த்தெடுத்த ஊக்க நேர்காணலைச் சேர்ந்தது. மதுப்பழக்கத்துக்கான சிகிச்சையிலிருந்து வந்தது.

இனி உங்கள் கேள்விக்கு. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 3,234 பேரில் ஒரு பகுதியினருக்குப் பயிற்சியாளர் வைத்து 16 பாடங்கள் நடத்தினார்கள். எடையில் 7 விழுக்காடு குறைப்பது, வாரம் 150 நிமிட உடலுழைப்பு என்பவை இலக்கு. அவர்களிடம் நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையை எடுத்தவர்களிடம் குறைந்தது 31 விழுக்காடுதான். அது அமெரிக்கா என்பீர்கள். சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் செய்த ஆய்வு 2006இல் வெளியானது. பொதுவான அறிவுரையோடு விடப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினருக்கு மூன்றாண்டில் நோய் வந்தது. தொடர்ந்து ஆலோசனை பெற்றவர்களில் 39.3. அதே குழு பின்னர் 537 ஆண்களை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு இரண்டாண்டு குறுஞ்செய்தி மட்டும் அனுப்பியது. அவரவர் மாற்றத்துக்கு எவ்வளவு தயார் என்பதைப் பார்த்து அதற்கேற்ற செய்தி. செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது, பெற்றவர்களில் 18.

39.3 என்பதும் சின்ன எண் இல்லை. பேச்சால் ஆகாதவையும் உண்டு. ரேஷன் அரிசியை நம்பியிருக்கும் வீட்டில் சிறுதானியம் பற்றி வகுப்பெடுக்க எனக்கு வாய் வருவதில்லை. "எங்கள் தெருவில் நாய்கள் அம்மா, எங்கே நடப்பது?" என்று கேட்ட பெண்ணுக்கு மொட்டைமாடியைத் தவிர வேறு பதில் என்னிடம் இருக்கவில்லை.

உங்கள் அண்ணனிடம் பட்டியலைத் தூக்கிப்போடச் சொல்லுங்கள். ஒரு நாளை விடியலிலிருந்து அவரே சொல்லட்டும், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள் (தம்பி தங்கைகளுக்கு இது கஷ்டம், தெரியும்). விடத்தக்க ஒன்றை அவரே தேர்ந்தெடுக்கட்டும், வெட்கப்படும் அளவுக்குச் சின்னதாக இருந்தாலும் சரி. 21 நாளில் பழகிவிடும் என்பதை நம்ப வேண்டாம். லண்டனில் 96 பேரைப் பார்த்தபோது ஒரு பழக்கம் படிய 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது, நடுவளவு 66.

அண்ணாச்சிக்கு ஏறக்குறைய மூன்று மாதம் ஆனது. இடையில் கோயில் கொடை வந்து மூன்று நாள் எல்லாம் பாழ். தலையைக் குனிந்துகொண்டு வந்தார். "நான்காம் நாள் காலையில் எப்படிக் குடித்தீர்கள்?" என்றேன். "சீனி இல்லாமல்தான், அது கை தானாகப் போட்டுவிட்டது" என்றார். பிறகு பால்காரரோடு குடிக்கும் டீயிலும் சீனி போனது. ஓராண்டில் ஹெச்பிஏ1சி 5.9. இப்போது அந்தக் கடையில் "அண்ணாச்சி டீ" என்று கேட்டால் சீனி இல்லாத டீ வரும். வாடிக்கையாக அதைக் கேட்பவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் கூடவே இரண்டு வடை சாப்பிடுகிறார்.