இரண்டு கடவுச்சீட்டு இருந்தால் இரண்டு நாட்டுக் கொடுப்பனவும் கிடைக்குமா?

கேள்வி: நான் இலங்கையில் பிறந்தவன். 2004-இல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. 2010-இல் லண்டன் வந்தேன், 2018-இல் பிரித்தானியக் குடியுரிமையும் எடுத்தேன். பிராங்க்ஃபர்ட்டில் ஒரு களஞ்சிய நிறுவனத்தில் வேலை சரிவந்திருக்கிறது. மூத்த மகள் ஜிசிஎஸ்இ சோதனை எழுதி முடிக்கும் வரை மனைவியும் இரண்டு பிள்ளைகளும் லண்டனில் இருப்பார்கள், பிறகு அங்கே வருவார்கள். மனைவிக்குப் பிரித்தானியக் குடியுரிமை மட்டும்தான். ஜேர்மனியில் பிள்ளைகளுக்கான காசு உடனே கிடைக்குமா? சில மாதத்தில் வேலை போனால் என்ன நடக்கும்? லண்டனில் கட்டிய நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்புறுதி வீணா? எல்லாம் சரிவராமல் திரும்பி வந்தால், பிரசை என்ற முறையில் இங்கே உதவி கிடைக்கும்தானே?

பதில்: கடைசிக் கேள்வியில் இருக்கும் அந்தத் "தானே" என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. பிரசையாக இருந்தால் காசு தானாக வரும் என்று நம்பி ஏமாந்தவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர். கடவுச்சீட்டு உங்களை ஒரு நாட்டுக்குள் விடும், அங்கே வேலை செய்ய விடும். கொடுப்பனவுக் காரியாலயம் கேட்பது வேறு: எங்கே வேலை செய்கிறீர்கள், எங்கே காப்புறுதி கட்டினீர்கள், குடும்பம் எங்கே வசிக்கிறது. உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் இந்த மூன்றில்தான் இருக்கிறது.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். கையெழுத்து ஜேர்மன் நிறுவனத்தோடா, அல்லது லண்டன் நிறுவனம் ஒன்று உங்களைக் கொஞ்சக் காலத்துக்கு அங்கே அனுப்புகிறதா? அனுப்பப்படுபவர் ஏ1 என்ற சான்றிதழோடு 24 மாதம் வரை பிரித்தானியாவிலேயே நேஷனல் இன்சூரன்ஸ் கட்டுவார். ஜேர்மன் சமூகக் காப்புறுதிக்குள் அவர் வருவதே இல்லை. கீழே நான் சொல்வதெல்லாம் ஜேர்மன் நிறுவனம் உங்களை நேரடியாக வேலைக்கு எடுக்கிறது என்று வைத்துத்தான்.

ஜேர்மனியில் உங்களுக்குப் பலம் தருவது பிரெஞ்சுக் கடவுச்சீட்டு. பிரித்தானியக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருந்தால், 2021 ஜனவரிக்குப் பிறகு நீங்கள் வேலைக்கான வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியவர். பிரெஞ்சுப் பிரசையாகப் போனால் அது எதுவும் தேவையில்லை, முதல் நாளே வேலை தொடங்கலாம். ஆகவே நகராட்சியில் முகவரி பதியப் போகும்போது பிரெஞ்சுக் கடவுச்சீட்டைக் கொடுங்கள். வீட்டுக்குள் குடிபோய் இரண்டு கிழமைக்குள் இந்தப் பதிவைச் செய்ய வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் ஒன்றும் கேட்பார்கள், அதைச் சாவி வாங்கும் அன்றே வாங்கிவிடுங்கள். பிரித்தானியக் கடவுச்சீட்டை மட்டும் நீட்டிவிட்டு, வெளிநாட்டவர் காரியாலயத்திலிருந்து வதிவிட அனுமதி கேட்டு வரும் கடிதத்தோடு மாதக் கணக்கில் அலைய வேண்டாம்.

மனைவியும் உங்கள் பிரெஞ்சுக் குடியுரிமையின் நிழலில்தான் வருவார். ஐரோப்பிய ஒன்றியப் பிரசையின் வாழ்க்கைத்துணை என்பதால் அவருக்கு வதிவிட அட்டை கிடைக்கும், வேலை செய்யும் உரிமையும் உண்டு. திருமணச் சான்றிதழ் தமிழிலோ சிங்களத்திலோ இருந்தால் மொழிபெயர்ப்பை இப்போதே செய்து வையுங்கள்.

சரி, பிள்ளைகளின் காசுக்கு வருவோம். கிண்டர்கெல்ட் என்ற ஜேர்மன் பிள்ளைக் கொடுப்பனவு 2026 ஜனவரி முதல் ஒரு பிள்ளைக்கு மாதம் 259 யூரோ. வேலை செய்யும் ஐரோப்பியப் பிரசைக்கு முதல் மாதத்திலிருந்தே உரிமை உண்டு. ஆனால் பிள்ளைகள் ஜேர்மனியிலோ ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளோ வசிக்க வேண்டும், உங்கள் பிள்ளைகள் அதுவரை லண்டனில் இருக்கிறார்கள். பிரித்தானியா ஒன்றியத்துக்குள் இருந்த காலத்தில் இது ஒரு பிரச்சினையாகவே இருந்திருக்காது. பிரித்தானியாவும் ஒன்றியமும் செய்து 2021 முதல் நடைமுறையில் இருக்கும் வர்த்தக ஒப்பந்தத்தில் சமூகக் காப்புறுதிக்கென ஒரு பகுதி இருக்கிறது, ஆனால் குடும்பக் கொடுப்பனவுகளை அதில் சேர்க்கவில்லை. 2020 முடிவதற்கு முன்பே வேலை ஒரு நாட்டிலும் குடும்பம் மறு நாட்டிலுமாக இருந்து, அது இன்றுவரை தொடர்பவர்களின் கணக்கு வேறு. உங்களுடையது அதில் சேராது. ஆகவே மகள் சோதனை முடித்துக் குடும்பம் வந்து இறங்கும் மாதத்திலிருந்துதான் கிண்டர்கெல்ட். வந்ததும் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள், பழைய மாதங்களுக்கு ஆறு மாதம் வரை மட்டுமே பின்னோக்கிக் கொடுப்பார்கள். விண்ணப்பத்தில் உங்களுடைய வரி இலக்கத்தோடு பிள்ளைகளின் வரி இலக்கமும் வேண்டும். முகவரி பதிந்தால் அது தபாலில் வந்து சேரும்.

இடைப்பட்ட மாதங்களில் லண்டனில் வரும் சைல்ட் பெனிஃபிட் என்ற பிரித்தானியப் பிள்ளைக் கொடுப்பனவுதான் உங்கள் குடும்பத்துக்குரியது. நான் அதிகம் கவலைப்படுவது இங்கேதான். அந்தக் காசு யாருடைய பெயரில் வருகிறது என்று இன்று இரவே பழைய கடிதத்தை எடுத்துப் பாருங்கள். பல வீடுகளில் பிள்ளை பிறந்த கையோடு அப்பாதான் படிவம் நிரப்பியிருப்பார், காசும் அவருடைய வங்கிக் கணக்குக்கே போகும். நீங்கள் குடிபெயர்ந்து போகும் நாளோடு உங்கள் பெயரில் இருக்கும் உரிமை முடிகிறது. யாருக்கும் சொல்லாமல் விட்டால் காசு தொடர்ந்து வரும், பிறகு ஒரு நாள் அத்தனையையும் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். போவதற்கு முன்பே மனைவியின் பெயருக்கு மாற்றுங்கள். அவர் புதிதாக விண்ணப்பித்தால் மூன்று மாதம்தான் பின்னோக்கிக் கிடைக்கும். 2025 ஏப்ரலில் தொடங்கிய வரியாண்டில் மூத்த பிள்ளைக்கு வாரம் 26.05 பவுண், அடுத்த பிள்ளைக்கு 17.25 பவுண். காசைவிடப் பெரிய காரணமும் ஒன்று உண்டு. 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால், சைல்ட் பெனிஃபிட் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு நேஷனல் இன்சூரன்ஸ் கட்டியதாகக் கணக்கில் வரவு சேரும். இளைய பிள்ளைக்கு இன்னும் 12 ஆகவில்லை, மனைவியின் சம்பளமும் குறைவு என்றால், அந்த வரவு நாளைக்கு அவருடைய ஓய்வூதியத்தில் நிற்கும்.

இப்போது குறைந்த வருமானக்காரருக்குப் பிரித்தானிய அரசு தரும் யூனிவர்சல் கிரெடிட் ஏதும் எடுக்கிறீர்களா? எடுத்தால் நீங்கள் புறப்படும் நாளை அவர்களுக்கு அறிவியுங்கள்.

நான்கு மாதத்தில் வேலை போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜேர்மனியில் வேலையில்லாக் காசுக்குக் கடந்த 30 மாதத்தில் 12 மாதம் காப்புறுதி கட்டியிருக்க வேண்டும். உங்களிடம் நான்குதான் இருக்கும். இந்த இடத்தில் லண்டன் கை கொடுக்கிறது. ஊழியராகக் கட்டிய பிரித்தானிய மாதங்களை ஜேர்மனி சேர்த்து எண்ண வேண்டும் என்று நான் மேலே சொன்ன அதே வர்த்தக ஒப்பந்தம் சொல்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: கடைசியாகக் காப்புறுதி கட்டியது ஜேர்மனியில் இருக்க வேண்டும். இதற்கான அத்தாட்சி யூ1 என்ற படிவம். அதைப் பிரித்தானிய வரித் திணைக்களமான எச்எம்ஆர்சி தரும், கேட்டவுடன் கையில் கிடைக்காது. வேலை போகும் வரை காத்திராமல், லண்டன் வேலையை விட்டுக் கடைசிச் சம்பளச் சீட்டும், வேலையை விடும்போது நிறுவனம் தரும் பி45 படிவமும் கையில் கிடைத்ததும் விண்ணப்பித்துவிடுங்கள். மினிகாப் ஓடியது போல் சொந்தத் தொழிலாகப் பதிந்த காலம் ஏதும் இருந்தால் அந்த மாதங்களை நம்ப வேண்டாம்.

தொகை உங்கள் ஜேர்மன் சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படும். கையில் கிடைக்கும் சம்பளத்தில் 60 வீதம், பிள்ளை இருந்தால் 67 வீதம். வேலை முடியப்போகிறது என்று தெரிந்த 3 நாளுக்குள், நம்மவர்கள் இன்னும் ஆர்பைட்ஸ்அம்ட் என்றே சொல்லும் வேலைவாய்ப்புக் காரியாலயத்தில் பதியுங்கள். மூன்று மாதம் முன்பே தெரிந்தால் அப்போதே பதிய வேண்டும். பிந்தினால் ஒரு கிழமைக் காசு போகும். நீங்களாகத் தகுந்த காரணமின்றி வேலையை விட்டால் 12 கிழமைக்குக் காசு இல்லை. முகாமையாளரோடு ஒரு நாள் வாய்த்தர்க்கம் வந்தால், கடிதம் எழுதிக் கொடுப்பதற்கு முன்பு இந்த 12 கிழமையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காசை எடுத்துக்கொண்டு பாரிஸ் போய் மூன்று மாதம் வேலை தேட அனுமதி கேட்கலாம், லண்டனுக்கு அதை எடுத்து வர முடியாது.

நேஷனல் இன்சூரன்ஸ் வீண்போகாது. பிரித்தானிய அரச ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 தகுதி ஆண்டுகள், முழுத் தொகைக்குப் பொதுவாக 35. நீங்கள் 2010 முதல் இடைவெளி இல்லாமல் ஊழியராக இருந்தால் பத்தைத் தாண்டிவிட்டீர்கள். ஜேர்மனியில் ஐந்து ஆண்டு தேவை, அது நிறையாவிட்டால் லண்டன் ஆண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பார்கள். ஓய்வு பெறும்போது ஒவ்வொரு நாடும் தன் பங்கைத் தனித்தனியாகத் தரும். லண்டனுக்கு முன்பு பிரான்சில் வேலை செய்த ஆண்டுகளையும் மறந்துவிடாதீர்கள், அந்தச் சம்பளச் சீட்டுகள் எங்கே இருக்கின்றன என்று தேடி வையுங்கள்.

இனி அந்தத் "தானே". திரும்பி வந்தால் ஹீத்ரோவில் யாரும் உங்களைத் தடுக்க மாட்டார்கள். யூனிவர்சல் கிரெடிட் கேட்கும்போது மட்டும், பிரித்தானியப் பிரசையாக இருந்தாலும் வழமையான வதிவிடச் சோதனையை நீங்கள் தாண்ட வேண்டும். இது புதிய சங்கதியும் அல்ல. பிரான்சில் பல ஆண்டு வேலை செய்த பிரித்தானியர் ஒருவர், வேலை போனதால் 1995 ஜனவரியில் திரும்பி வந்து சகோதரர் வீட்டில் தங்கினார். வந்து போதிய காலம் ஆகவில்லை என்று அவருக்கு உதவி மறுக்கப்பட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 1999-இல் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லும் வரை அவர் வழக்காட வேண்டியிருந்தது. ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு அந்தத் தீர்ப்பின் அடிப்படை நமக்குக் கிடைப்பதில்லை. ஆனால் அதிகாரி பார்ப்பது இன்றும் கிட்டத்தட்ட அதே விஷயங்களைத்தான்: இங்கே நிலைத்து வாழும் எண்ணத்தோடு வந்தீர்களா, குடும்பம் எங்கே, வீடு எங்கே. மனைவி பிள்ளைகள் இன்னும் லண்டனில் இருக்கும்போது நீங்கள் திரும்பினால் இதைக் காட்டுவது எளிது. எல்லாரும் பிராங்க்ஃபர்ட் போய், லண்டன் வீட்டையும் கொடுத்துவிட்டுத் திரும்பினால் ஒன்றிலிருந்து மூன்று மாதம் வரை காசில்லாமல் இருக்க நேரலாம். அதற்கான பணத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு போங்கள். பிராங்க்ஃபர்ட் வீட்டை விட்ட கடிதம், பிள்ளைகளின் பாடசாலைக் கடிதம், பயணச்சீட்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

பிரித்தானிய அரச வைத்திய சேவையான என்எச்எஸ்-இன் வைத்தியசாலையும் கடவுச்சீட்டைப் பார்ப்பதில்லை, வசிக்கும் இடத்தைத்தான் பார்க்கிறது. நீங்கள் ஜேர்மனியில் வசித்துக்கொண்டு நத்தாருக்கு லண்டன் வந்து சுகவீனப்பட்டால், ஜேர்மன் காப்புறுதி அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் ஐரோப்பிய அட்டை செல்லும். பயணப் பையில் அதையும் வையுங்கள்.

இன்னொன்று. இரண்டு பிள்ளைகளும் நீங்கள் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற பிறகு பிறந்திருப்பதால் பிறப்பிலேயே அவர்களும் பிரெஞ்சுப் பிரசைகள். ஆனால் பிறப்புச் சான்றிதழைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றாமல் அவர்களுக்குக் கடவுச்சீட்டு எடுக்க முடியாது. பதியாவிட்டால் இந்த வாரமே தூதரகத்துக்கு எழுதுங்கள், மகளின் கடைசிச் சோதனைத் தாள் முடியும்போது பிள்ளைகளின் பிரெஞ்சுக் கடவுச்சீட்டும் கையில் இருக்க வேண்டும்.