500 ரூபாய் அனுப்பினாலும் 5 லட்சம் அனுப்பினாலும் கிரிப்டோ வாலட் கிட்டத்தட்ட ஒரே கட்டணம் காட்டுகிறதே, ஏன்? அந்தப் பணம் யாருக்குப் போகிறது?

எங்கள் மதுரை கீழமாசி வீதியில் லாரியிலிருந்து சரக்கு இறக்கும் அண்ணன்களுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. உள்ளே மிளகா உப்பா என்று யாரும் கேட்பதில்லை. பிட்காயின் கட்டணமும் அந்தக் கணக்குதான். தொகையைப் பார்ப்பதில்லை, உங்கள் பரிவர்த்தனை எத்தனை பைட் இடம் பிடிக்கிறது என்று பார்க்கிறார்கள்.

இது எனக்குப் புரிந்ததே கைக்காசு போன பிறகுதான். டிசைன் வேலைக்குக் கூலியாகப் பன்னிரண்டு தடவை சின்னச் சின்னதாக பிட்காயின் வாங்கியிருந்தேன். வாலட் அதை ஒரே கூட்டுத்தொகையாகக் காட்டியது. உள்ளே கிடந்தது பன்னிரண்டு தனிச் சில்லறை. மொத்தத்தையும் ஒரே முகவரிக்கு அனுப்பப் போனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கையெழுத்து, தனி இடம். செக்விட் என்ற, இடம் குறைவாகப் பிடிக்கும் வகை முகவரியில் ஒரு சில்லறைக்குச் சுமார் 68 பைட். எல்லாம் சேர்ந்து 860-க்குப் பக்கம் வந்துவிட்டது. பைட்டுக்கு 20 சடோஷி என்றால் 17,200 சடோஷி. (ஒரு பிட்காயின் 10 கோடி சடோஷி.) அதே தொகை ஒரே துண்டாக இருந்திருந்தால் 110 பைட், 2,200 சடோஷியோடு முடிந்திருக்கும். பன்னிரண்டு பொட்டலத்தை நானே பன்னிரண்டு மூட்டையாகக் கட்டி வைத்திருந்தேன், வேறென்ன.

அந்தப் பணம் வாலட் கம்பெனிக்குப் போவதில்லை. பரிவர்த்தனைகளைச் சேர்த்து பிளாக் என்ற கட்டாகக் கட்டும் மைனருக்குப் போகிறது. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக். அதில் இருக்கும் இடமோ அளவானது. பைட்டுக்கு அதிகம் தருகிறவரை முதலில் ஏற்றுவார்கள், மற்றவர்கள் வரிசையில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணியில் மல்லி விலை ஏறுகிற மாதிரி, கூட்டம் வந்தால் இதுவும் ஏறும். 2024 ஏப்ரலில் ஹால்விங் (மைனருக்குக் கிடைக்கும் புதுக் காசு பாதியாவது) நடந்த அன்றே, பிட்காயின் வலை மேலேயே உருவாக்கும் ரூன்ஸ் டோக்கன்களும் தொடங்கின. கட்டணம் எங்கோ போய்விட்டது. குறைவாகப் போட்டு மாட்டிக்கொண்டால், பல வாலட்டுகளில் கட்டணத்தைக் கூட்டி மறுபடி அனுப்பும் வசதி உண்டு.

ஈதர் என்ற காசு ஓடும் எத்தீரியம் வலையில் அளவுகோல் கேஸ், அதாவது எவ்வளவு வேலை வாங்குகிறோம் என்ற கணக்கு. ஈதரைச் சும்மா அனுப்ப 21,000 கேஸ். டோக்கன் என்றால் அதைவிடக் கூடுதல். 2021 ஆகஸ்டிலிருந்து அடிப்படைக் கட்டணம் யாருக்கும் போகாமல் எரிக்கப்படுகிறது. அதற்கு மேல் போடும் டிப் மட்டும் பிளாக்கை முன்வைப்பவருக்கு. பரிவர்த்தனை தோற்றாலும் செலவான கேஸ் திரும்பாது.

திருமங்கலத்தில் என் மச்சினன் எத்தீரியம் வலையில் யூஎஸ்டிடி (டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் டோக்கன்) வைத்துக்கொண்டு, "மாமா, அனுப்ப மாட்டேங்குது, வாலட் ரிப்பேரு போல"ன்னு போன் போட்டான். ஈதர் இருப்பு சுத்தமாக பூஜ்ஜியம். டோக்கன் எதுவானாலும் கேஸை ஈதரில்தான் கட்ட வேண்டும். லாரி நிறையச் சரக்கு, டேங்கில் டீசல் இல்லை. கொஞ்சம் ஈதர் அனுப்பினேன், போய்விட்டது.

கிரிப்டோவை வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சிலிருந்து வெளியே எடுக்கும்போது கேட்பது வேறு. அது அவர்களே வைக்கும் விலை. விற்கும்போது பிடிக்கும் 1% டிடிஎஸ் 2022 ஜூலையில் வந்த வரி, அதற்கும் வலைக்கும் சம்பந்தமில்லை. வாலட்டுக்குள்ளேயே ஒரு காசை இன்னொன்றாக மாற்றினால் (ஸ்வாப்) சில வாலட்டுகள் தனியாகக் கமிஷன் எடுக்கும்.

"உங்க பணம் பிளாக் ஆயிருக்கு, ஃபீஸ் கட்டினா ரிலீஸ் பண்றோம்" என்று டெலிகிராமில் எவனாவது வந்தால் பதில்கூடப் போடாதீர்கள். நிஜக் கட்டணம் நீங்கள் அனுப்பும் அந்த நிமிடத்தில் உங்கள் வாலட்டிலிருந்தே கழியும், யார் கணக்குக்கும் தனியாகப் போட வேண்டியதில்லை.